கொக்குக் கூடுகளையும் வரைந்த பிளான்

பண்டமாரான் அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த சேற்றுக் காட்டில் கல்யாண மண்டபம் கட்ட நகராண்மைக் கழகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். மலேசியாவின் கிள்ளானில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் எனக்கு வேலை. பிளான் என் கைக்கு வந்தது. 1992.

கோயில் தலைவர் வேலாயுதம் துறைமுகத்தில் போர்மன். வழி சொல்லித் தந்தார்.

“மொதல்ல காட்டை வெட்டித் தள்ளிடுவோம் தம்பி. அப்புறம் அனுமதிப் பாரத்துல காலி நிலம்னு போடு. எல்லாரும் அப்படித்தான்லா செய்றாங்க.”

உண்மைதான். நானே இருபது விண்ணப்பப் பாரங்களில் காலி நிலம் என்று எழுதியிருக்கிறேன். ஒரு நிலத்தையும் போய்ப் பார்த்ததில்லை. சனிக்கிழமைக்குப் புல்டோசர் சொல்லியாகிவிட்டது.

அதற்கு முந்தைய ஞாயிறு அங்கே போனேன். என் மனைவி கோமதி இறந்து ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதில்லை.

சேற்றில் வேர் ஊன்றிய பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள். கிளைக்குக் கிளை ராக்கொக்குகளின் கூடுகள். குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருந்தன. எண்ணினேன். அறுபத்தொன்று. மறுபடி எண்ணினேன். அதே அறுபத்தொன்று. அடுத்த ஞாயிறு ஒன்றும் இருக்காது. ஏழு மாதத்தில் முதன்முறையாக எனக்கு ஒன்று வேண்டும் என்று பட்டது. இவை இருக்க வேண்டும்.

மூன்று நாளில் பிளானை மாற்றினேன். மண்டபத்தை வண்டி நிறுத்தும் இடத்துக்கு நகர்த்தித் தூண்கள்மேல் ஏற்றினேன். வண்டிகள் அடியில். மரங்களை அப்படியே விட்டு, ஒவ்வொரு கூட்டையும் சின்ன வட்டமாகப் போட்டேன்.

புதன்கிழமை செயற்குழுக் கூட்டம்.

“கொக்கு எச்சம் போட எங்க வீட்டுக் கல்யாணம்தான் கெடைச்சிச்சா?” என்றார் பொருளாளர் அய்யாவு. “பட்டுச் சேலைய நீ வந்து தொவைப்பியா?”

“வாசல் ரோட்டுப் பக்கம்ணே. மரம் பின்னால. நடுவுல நாப்பது அடி இருக்கு.”

“பொண்டாட்டி போனதுலேருந்து இவனுக்கு...” என்று யாரோ தொடங்கினார். முடிக்கவில்லை.

சமையல் பொறுப்பில் இருந்த வள்ளியம்மாக்கா எழுந்தார். “கடல் ஏறுனா தண்ணி எங்க போய் நிக்குது? அந்தச் சேத்துலதானே. அதை மண்ணு போட்டு மூடுனா என் அடுப்புல வந்து நிக்கும். மண்டபத்துல பந்தி போடப்போறீங்களா, மீன் புடிக்கப்போறீங்களா?”

சிரித்தார்கள். வேலாயுதம் மட்டும் சிரிக்கவில்லை.

“இதைக் காட்டி கழகத்துக்காரன் ரிஜெக்ட் பண்ணிட்டான்னா?”

“அப்புறம் வேற பிளான் போடலாம்ணே. வெட்டிட்டா வேற மரம் போட முடியாது.”

பிளானைச் சுருட்டினார். “அய்யாவு, புல்டோசர்காரனுக்குப் போன் போடு. வர வேணாம்னு சொல்லு” என்றார்.

ஐந்து வாரம் கழித்து நகராண்மைக் கழக அதிகாரி வந்தார். மலாய்க்காரர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மரத்தடியில் நின்று, விரல் நீட்டி எண்ணினார்.

“யார் எண்ணியது?” என்று மலாயில் கேட்டார்.

“நான்.”

“ஐம்பத்தெட்டுதான் இருக்கிறது.”

“மூன்று கூட்டுக் குஞ்சுகள் பறந்துவிட்டன. அந்தக் கூடுகள் கலைந்துவிட்டன.”

குறித்துக்கொண்டார். வேலாயுதத்தின் வெள்ளைச் சட்டையில் எச்சம் விழுந்தது. அவர் துடைக்காமல் விறைப்பாக நின்றார்.

“இந்தக் கரையில் எல்லா நிலமும் காலி நிலம் என்றுதான் எனக்கு வருகிறது. வந்து பார்த்தால் வெட்டிய மரம் கிடக்கும்,” என்றார் அதிகாரி. “மரம் நிற்கும்போது என்னைக் கூப்பிட்டது நீங்கள்தான்.”

அக்டோபரில் அனுமதி வந்தது. மண்டபம் கட்டலாம். பிளானில் காட்டிய மரங்களை ஒருபோதும் யாரும் வெட்டக்கூடாது. அது நிபந்தனை.

வேலாயுதம் கோயில் வாசலில் லோரியின் முன்மூடிமேல் பிளானை விரித்தார். முத்திரை சரியாகக் கூடுகளின் நடுவே விழுந்திருந்தது.

“கொக்குக்கும் சாப்பு அடிச்சிட்டான்லா,” என்றார். “இனி எவன் வந்தாலும் ஒரு கெளைய ஒடிக்க முடியாது.”

அய்யாவு போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினார். “அறுபத்தொன்னு. நாங்கதான் ஒன்னொன்னா எண்ணுனோம்.”

நான் திருத்தவில்லை. வள்ளியம்மாக்கா இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டார். பசித்தது. போனேன்.