மூன்று பேணித் தண்ணீர்

அம்மா, மாமி போனில் உங்களுக்குச் சொன்னதை மறந்துவிடுங்கள். அக்காவுக்கு வந்தது சின்னப் பிரஷர் இல்லை. நடந்ததை நான் சொல்கிறேன்.

அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்து நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு அசைய முடியாமல் போனதால், பிள்ளை பெற்ற மிதுனா அக்காவைப் பார்க்கும் பொறுப்பு அத்தானின் தாயார் சிவக்கொழுந்து மாமியிடம் போனது. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். வெள்ளவத்தை பிளாட்டில் கதவைத் திறந்ததும் அவருடைய பட்டமளிப்புப் படம்தான் தெரியும். அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் சொன்னார், பிள்ளை பெற்றவள் குடிக்கும் தண்ணீர் வயிற்றில் தங்கி, தொந்தி வைத்துவிடும் என்று.

ஆகவே சின்னத் தகரக் குவளையால் அளந்து, ஒரு நாளைக்கு மூன்று பேணித் தண்ணீர். அதுவும் மல்லி போட்டுக் கொதிக்க வைத்தது. ஜன்னல் பூட்டு, ஃபேன் இல்லை, வயிற்றைச் சுற்றிப் பழைய சேலைக்கட்டு. வெளியே வெயில் கொளுத்தியது. அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே உதட்டை நக்கினாள்.

நான் பார்சல் கம்பனி வேலைக்காகக் கொழும்புக்கு வந்து ஐந்து மாதம். அந்த வீட்டில், வாஷிங் மெஷின் நிற்கிற அறையில் படுக்கிறேன். மாமியோடு முண்டினால் எங்கே போவது என்ற பயம் எனக்கு. அதனால் வாய் திறக்காமல், வேலைக்குக் கொண்டுபோகும் பையில் தண்ணீர்ப் போத்தல் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆறாம் நாள் அக்காவின் கால் வீங்கியது. மாமி விரலால் அமத்தினார். பள்ளம் விழுந்தது.

"பாத்தியளே? ஒளிச்சுத் தண்ணி குடிச்சிருக்கிறாள். கால்ல நிக்குது."

மூன்று பேணி இரண்டானது. அம்மா, இதை மறைக்க மாட்டேன்: நானும் நம்பினேன். என்னால்தான் வீங்கியது என்று நினைத்து அடுத்த நாள் போத்தல் கொண்டுவரவில்லை. படித்த மனுஷி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற முட்டாள்களில் நானும் ஒருத்தி.

எட்டாம் நாள் காலை அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தலை பிளக்குதடி. கண்ணுக்கு முன்னால மின்மினி ஓடுற மாதிரிக் கிடக்கு."

"ஆர் ஃபேன் போட்டது?" என்று மாமி அடுப்படிக்குள் இருந்து கேட்டார். "தலைக்குள்ள குளிர் ஏறீட்டுது. உள்ளிப் புகை பிடிச்சாச் சரி."

அத்தானிடம் போனேன். வினோதன் அத்தான் வீட்டிலிருந்தே கம்பியூட்டர் வேலை செய்பவர். பிள்ளை எத்தனை தரம் மூத்திரம் போனது என்று போனில் கலர் கலராகக் குறித்து வைக்கிறார். அக்காவுக்கு அதில் ஒரு கலரும் இல்லை.

"அம்மாக்கு உதெல்லாம் தெரியும்," என்றார், காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றாமலே. "நீ கூகிளைப் பாத்திட்டுச் சும்மா பயப்படாத."

உள்ளிப்பூண்டு முடிந்துவிட்டதென்று மாமி என்னைக் கடைக்கு அனுப்பினார். கீழே கேற்றில், பிள்ளை பெற்றவர்களை வீடு வந்து பார்க்கிற மிட்வைஃப் ஒருவர் எங்கள் பிளாட் நம்பரைச் சொல்லிச் செக்யூரிட்டியோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டு நின்றார். பெயர் சுரேகா.

"நீர் அந்த வீடோ?" என்றார். "நான் அஞ்சாம் நாளும் வந்தனான். துடக்கு வீடாம், முப்பத்தொண்டாம் நாள் தீட்டுக் கழிச்சாப்பிறகு வரட்டாம். நான் என்ன, கலியாணக் காட் கொண்டு வந்தனானே?"

அக்காவுக்குத் தலையிடி என்றேன். அவருடைய முகத்திலிருந்த பகிடி போய்விட்டது.

"கண்ணும் மங்குதோ? கால் வீக்கமோ?"

"ஓம் மிஸ். ரெண்டும்."

"நட."

செக்யூரிட்டி "மேடம் எபா கிவ்வா நங்கி" என்று சிங்களத்தில், மேடம் விடவேண்டாம் என்றதைச் சொல்லித் தடுத்தான். "மேடத்தோட நான் கதைக்கிறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவர் லிஃப்டுக்குள் ஏறினார். மேலே கதவை மறித்துக்கொண்டு மாமி.

"நீர் கொட்டாஞ்சேனைச் சந்து ஆள் எல்லே? ஊர் முழுக்கப் பிள்ளைப்பெத்த வீடு ஏறி இறங்கிற ஆள். துடக்கோட துடக்குக் கலக்கக் கூடாது."

"ஓம் அன்ரி, கொட்டாஞ்சேனைதான். அங்கயும் பிள்ளை பெறுகினம். கொஞ்சம் விலகுங்கோ."

சுரேகா மிஸ் அக்காவின் கையில் பிரஷர்ப் பட்டியைக் கட்டி அமத்தினார். இரண்டாம் தரமும் பார்த்தார். நூற்றெண்பதுக்கு நூற்றுப்பதினைந்து.

"உம்மட மெஷின் பழசு," என்றார் மாமி.

"மெஷின் பழசுதான், கணக்குச் சரி. பிள்ளை பெத்தாப் பிறகும் பிரஷர் ஏறும் அன்ரி, ஆறு கிழமை, ஒண்டரை மாசம் வரைக்கும் பயம்தான். கால் ஊதினது தண்ணி குடிச்சு இல்ல. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி வலிப்பு வரும். உயிரும் போகும்."

"எட்டாம் நாளில வாசல் தாண்டக் கூடாது."

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அத்தான் தாயாரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"இந்த மீட்டிங் முடியக் கார் எடுக்கிறன். பத்து நிமிஷம்."

நான் கீழே ஓடி, காலிக்குப் போகிற மெயின் வீதியில் ஓட்டோ மறித்து நிற்கச் சொல்லிவிட்டு மேலே திரும்பினேன். சுரேகா மிஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா என் தோளில் சாய்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஓட்டோவை நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

வலிப்பு வராமல் தடுக்க நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ஒரு நாள் முழுக்க அக்கா யாரையும் அடையாளம் பிடிக்கவில்லை. பிறகு பிரஷர் மெல்ல மெல்ல இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் மாமி பட்டுச்சேலையில் வந்தார். துடக்கு ஆஸ்பத்திரி வாட்டுக்குள் வராதாக்கும். பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னார்:

"கால் வீங்கினதை முதல்ல கண்டுபிடிச்சது நான்தான்."

பொய்யில்லை. கண்டுபிடித்தவர் அவர்தான்.

டிக்கற் வெட்டி வீட்டுக்குப் போக விட்ட அன்று அத்தான் காரோடு வந்தார். "வீட்டை போவம். அம்மா அறை கழுவி வச்சிருக்கிறா."

"அவவும் நிக்கிறாவோ?" என்று அக்கா கேட்டாள்.

"பின்ன எங்க போறது?"

"அப்ப நான் வரேல்ல. நான் சாகக் கிடக்கேக்க நீங்கள் பத்து நிமிஷம் கேட்டனீங்கள். இப்ப நான் நேரம் கேக்கிறன்."

சுரேகா மிஸ்ஸின் தெருவில், கொட்டாஞ்சேனையில், மாடி அறை ஒன்றில் அக்கா, பிள்ளை, நான் மூன்று பேரும் இருக்கிறோம். மாமி வீட்டில் எனக்கும் இனி இடமில்லை. அக்கா மருந்துக் குளிசை போடுகிறாள், மிஸ் காலையில் வந்து பிரஷர் பார்க்கிறார். அப்பாவைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு நீங்கள் கட்டாயம் வாருங்கள். எனக்குத் தனியாகப் பயம்.

அத்தான் தினமும் வந்து படிக்குக் கீழே நிற்கிறார். தன் காதுபட இப்போதே தாயாருக்குப் போன் எடுத்து ஊருக்குப் போகச் சொன்னால் மேலே வரலாம் என்று அக்கா நேற்று அத்தானிடம் சொன்னாள். இந்தத் தெருவில் சிக்னல் இல்லை என்றார்.

இதை நான் அந்தப் படியில் இருந்துதான் போனில் அனுப்புகிறேன்.