அடுப்பை அணைச்சீங்களா

இதில் ஒரு சொல் பொய்யென்றால், எனக்கு மிச்சமிருக்கும் அரைக்காதும் அடைத்துப்போகட்டும். சத்தியம்.

எனக்குக் காது மந்தம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன என் மனைவி, சொல்ல வேண்டியதையெல்லாம் கூடத்துக் கணினியில் பெரிய எழுத்தில் தட்டிவிடுவாள். ‘குளிச்சாச்சா?’ ‘மாத்திரை?’ எங்கள் இல்லறத்தின் பிற்பாதி திரையில்தான் நடந்தது. சண்டை வந்தால் அவள் தட்டுகிற வேகத்தில் விசைகள் தெறித்துப் பக்கத்து அறையில் விழும்.

அவள் போன பிறகும் நான் அந்தக் கணினியை அணைக்கவே இல்லை. ஒருநாள் அதில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தபோது, குதிரைக்குப் பக்கத்தில் அவள் வரி வந்து நின்றது: ‘கூன் போடாம உக்காருங்க.’ நிமிர்ந்தேன். அப்புறம் தினமும் வந்தாள். எதிர்வீட்டு ஆசிரியை அம்மாளுக்கு நலம் விசாரித்து மின்னஞ்சல் எழுதினால் நடுவில், ‘மொதல்ல சட்டைப் பட்டனப் போடுங்க.’

என் மகள் கணினியின் அடிமடியான கெர்னலில் வேலை செய்கிறவள். நினைவகத்தில் யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுக்கிற பகுதி அவள் எழுதியது. வீட்டுக்கு வந்தவள் திரையைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. என் அரைக்காதருகே குனிந்து கத்தினாள்.

“இது அம்மா இல்லப்பா. ஓட்டை. இடத்தைக் காலி பண்ணச் சொல்லி எழுதினேன். அந்த இடத்தைக் காட்டுற சுட்டியை அழிக்க மறந்துட்டேன்.”

“புரியற மாதிரி சொல்லு.”

“குடியிருந்தவங்க போயாச்சு. அவங்க சாவி மட்டும் இன்னும் கதவைத் திறக்குது. உள்ள மிச்சம் கிடக்கறது வெளிய தெரியுது.”

“தெரியட்டுமே. உங்கம்மா வீடுதானே.”

“ஆஸ்பத்திரி மெஷின்லகூட இதே கெர்னல்தான். திருடனும் அதே சாவியில வருவான். எல்லா இடத்துலயும் அடைச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.”

“இங்க என்ன இருக்கு திருட?”

“அம்மா உங்களுக்கு எழுதினதைக் கண்டவனும் படிப்பாம்ப்பா.”

அது சரியாகப் படவில்லை. அத்தனை திட்டும் எனக்கென்று திட்டியது.

“சரி, அடை.”

திருத்தத்தை ஏற்றினாள். ஒருமுறை அணைத்து எழுப்பினால் முடிந்தது. பொத்தான்மேல் விரலை வைத்தவள் அழுத்தவில்லை.

“நீங்களே அழுத்துங்கப்பா.”

“மறந்தது நீ. அழுத்த நானா?”

அப்போது திரையில் வந்தது: ‘அடுப்ப அணைச்சீங்களா?’

பழக்கதோஷம். எழுந்து ஓடினேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. திரும்பி வருவதற்குள் மகள் அழுத்தியிருந்தாள். திரை கறுத்துக் கிடந்தது. இரண்டு பேரும் அதன்முன் கூன் போட்டு உட்கார்ந்திருந்தோம். நிமிரச் சொல்ல ஆளில்லை.

அந்தக் கணினி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தி நான் அதை அணைக்கவில்லைதான்; ஆனால் என் மனைவியைத் தூக்கிக்கொண்டு போன அன்றே அதன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அதை யாரும் செருகவில்லை.