காலியான செருப்புப் பெட்டி

மீட்டரைப் பற்றி அவர் ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. எச்சில் கையால் காக்கா ஓட்ட மாட்டார், தப்பித் தவறி ஓட்டிவிட்டால் காக்காயிடம் கூலி கேட்பார் என்பார்கள். குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை, அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் வேலை முடிந்ததும் மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்கு வந்தார்? குளியலறைக் குழாய் இரண்டு சொட்டு கூடுதலாகச் சொட்டினால் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது.

அவர் பெண்சாதி ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறாள். அங்கே எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. ஊர் சுற்ற வருகிறவர்கள் படுத்துப் புரண்ட விரிப்பையெல்லாம் இத்தனை வருஷமாகத் தேய்த்து மடித்தவள், ஒரு நாள்கூட அப்படி ஒரு விரிப்பில் முதுகைச் சாய்த்ததில்லை. ஒரே மகள். அவளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். "எனக்காகவே இத்தனை நாள் ஓடியாச்சு, இனிமேலாவது ரெண்டு பேரும் எங்கயாவது போய்ட்டு வாங்கம்மா" என்று அவள் போனில் நச்சரித்து நச்சரித்துத்தான் இந்தத் தீவுப் பயணமே நடந்தது.

தீவைத் தேர்ந்தெடுத்தது மீட்டர். "மலையும் கடலும் ஆண்டவன் போட்டது. அதுக்கு எவன் டிக்கெட் கேக்க முடியும்?" என்றார். கேட்டார்கள். அருவிக்குப் போகிற பாதையில் ஒருத்தன் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். மீட்டர் அவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பெண்சாதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கச் சரிவில் ஏறினார். முள், சேறு, அட்டை. முழங்காலில் சிராய்ப்பு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓடையைத் தாண்டுகிற இடத்தில் அவள் தயங்கி நின்றபோது, மனுஷன் அவளை அப்படியே முதுகில் தூக்கிக்கொண்டு போனார். "ஐயோ, யாராவது பாக்கப் போறாங்க, இறக்கி விடுங்க!" என்று அவள் கத்த, "பாக்கிறவன் டிக்கெட் வாங்கட்டும்" என்றார். இரண்டு பேரும் அருவிக்கு அடியில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தார்கள். அன்றைக்கு ராத்திரி, லாட்ஜின் சமையற்கட்டுக்கு மேலே இருந்த அந்தப் புழுக்க அறையில், இவரைக் கட்டிக்கொண்டது அப்படியொன்றும் நஷ்டமில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மறுநாள்தான் படகு.

கரையில் எத்தனையோ படகுகள் இருந்தன. மீட்டர் விசாரித்துப் பிடித்தது இருப்பதிலேயே மலிவானது. அக்காவும் தம்பியுமாக நடத்துகிற படகு. தம்பி ஓட்டுவான், அக்கா கரையில் இருந்து ஆட்களை ஏற்றி இறக்குவாள். கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பவளம், முட்டளவு தண்ணீரில் கலர் கலராக மீன். மதியம் வரை இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். சாயங்காலம் தண்ணீர் ஏறினால் திட்டு முழுகிவிடும், பாறையின் தலை மட்டும்தான் வெளியே தெரியும். இதைப் படகுக்காரத் தம்பி ஏறும்போதே எல்லோருக்கும் சொன்னான்.

அவர்களுடைய வழக்கம் ஒன்று. யாரும் செருப்போடு படகில் ஏறக் கூடாது. படித்துறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கும், அதில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். மணல் வராமல் இருக்க என்று முதலில் ஆரம்பித்தது, பிறகு அதுவே கணக்கு ஆகிவிட்டது. திரும்பி வந்து எல்லோரும் அவரவர் செருப்பை எடுத்துக்கொண்டு போன பிறகு பெட்டியில் ஒரு ஜோடி கிடந்தால், திட்டில் ஓர் ஆள் கிடக்கிறான் என்று அர்த்தம். ஒரு தடவை ஒரு குடிகாரன் பாறை மறைவில் தூங்கிப்போனபோது செருப்புதான் காட்டிக் கொடுத்ததாம். "தலையை எண்ணினா தப்பும். ஒண்ணு தண்ணியில இருக்கும், ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். செருப்பு எங்க ஓடப் போகுது?" என்று படகுக்காரி பெருமையாகவே சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

திட்டில் இறங்கியதும் எல்லோரும் தண்ணீருக்குள் பார்க்கிற முகக்கண்ணாடியைத் தம்பியிடம் வாடகைக்கு வாங்கினார்கள், மூச்சுக்குழாயோடு. மீட்டர் வாங்கவில்லை. "கண்ணைத் திறந்துக்கிட்டு முங்கினா மீன் தெரியாதா?" உப்புத் தண்ணீரில் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த லட்சணம். இஸ்திரியக்கா கொஞ்ச நேரம் கண் எரியத் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த சொந்தக் காசில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்தாள்.

அடடா! அவள் பாட்டுக்கு மிதந்தாள். மஞ்சளும் நீலமுமாக ஒரு மீன் கூட்டம் அவள் விரலை வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இத்தனை வயசுக்கு, அவளுக்கென்றே நடந்தது மாதிரி இருந்த முதல் சங்கதி அது.

"ஏய்!"

மீட்டர் தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, அத்தனை பேர் முன்னாலும் படகுக்காரத் தம்பியிடம் நீட்டி, "இவ தெரியாம வாங்கிட்டா. ரெண்டு நிமிஷம்கூடப் போடலை, காசைத் திருப்பிக் குடு" என்று பேரம் பேச ஆரம்பித்தார். அந்தப் பையன் நெளிந்தான். கூட வந்த பெண்கள் மீனைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"நான் என்ன, உங்க வீட்டுக் குழாயா? தொறந்த உடனே வந்து மூடுறீங்க?" என்றாள். "இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன். என்கிட்ட பேசவே வேணாம்."

"போ, போ. ராத்திரி சோத்துக்கு வந்து நிப்பேல்ல," என்றார் மீட்டர்.

சண்டை போட்ட வேகத்தில் அவருக்கும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பாறைக்குப் பின்னால் ஒரு குகை இருக்கிறது, மற்ற படகுக்காரர்கள் அதற்குத் தனியாக வசூலிக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினார். "சார், அந்தப் பக்கம் வழுக்கும், போகாதீங்க" என்று தம்பி சொன்னது காதில் விழுந்ததோ இல்லையோ. அவர் போவதை இஸ்திரியக்கா பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே படகில் ஏறி, முகப்பில் போய் உட்கார்ந்து, முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

விசில் ஊதியது. ஆட்கள் ஏறிப் பின்பக்கக் கூரை நிழலில் நெருக்கி உட்கார்ந்தார்கள், படகு ஆடியது. தம்பி திட்டைப் பார்த்தான், மணல் காலி. மிச்சத்தைக் கரையில் செருப்பு சொல்லும். என்ஜினைப் போட்டுப் படகைப் பின்பக்கமாக எடுத்தான். பின்பக்கம் என்ஜின் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. முகப்புதான் திட்டைப் பார்த்தபடி கடைசியாக விலகும்.

"ஏய்! ஏய்!"

அது அவள் காதில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைக் கூப்பிடுகிற அதே கூப்பாடு. படகின் பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டு, இப்போது தாகம் எடுக்கிறதாக்கும்! எழுந்து வந்து எடுத்துக்கொள்ளட்டும். "ஏய், இந்தா!" என்று மறுபடி கேட்டது. அவள் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கரை வந்ததும் முதல் ஆளாக இறங்கினாள். கோபம் வாய்க்குத்தானே ஒழிய கைக்கு இல்லை. கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும், கிளம்பும்போது அவர் செருப்பைத் தேடி எடுத்து அவர் காலடியில் போடுகிறவள் அவள்தான். கை பாட்டுக்குப் பெட்டியில் இருந்து தன் ஜோடியையும் அவர் ஜோடியையும் சேர்த்து எடுத்தது. பாதி வழியில்தான் கையில் இருப்பதைப் பார்த்தாள். திரும்பிப் போய்ப் போட்டுவிட்டு வரலாமா என்று ஒரு கணம் நின்றாள். வேண்டாம், வெறுங்காலோடு வரட்டும், தார் ரோடு சுடட்டும், அப்போதாவது புத்தி வருகிறதா பார்ப்போம் என்று நடந்துவிட்டாள்.

படித்துறையில் பெட்டி காலியானது. படகுக்காரி அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அறையில் குளித்து, துணி மாற்றி, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். வந்ததும் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா இல்லை, இருபத்தைந்து வருஷத்துப் பாக்கி. மனுஷன் வரவில்லை. ரோஷம் வந்தால் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வது அவர் வழக்கம்தான். உட்காரட்டும். தானாகத் தேடிப் போகக் கூடாது என்று பிடிவாதமாகக் கிடந்தாள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. கீழே டீக்கடையை எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அப்போதுதான், காலில் செருப்பு இல்லாமல் இந்த மனுஷன் இவ்வளவு நேரம் எங்கே போயிருப்பார் என்ற கேள்வி வந்தது.

ஓடினாள். படகுக்காரி படித்துறையில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் படகுல வந்தாரா?"

"எல்லாரும் வந்தாச்சேக்கா. பெட்டி காலி."

"அவர் செருப்பை எடுத்தது நான்," என்றாள் இஸ்திரியக்கா.

படகுக்காரி எழுந்து நின்றாள். அவள் பார்த்த பார்வையை இவளால் சாகிறவரை மறக்க முடியாது. "அடப் பாவி மனுஷி! அவர் செருப்பை நீ எதுக்குடி எடுத்தே?" என்று அலறிக்கொண்டே தம்பியைக் கூப்பிட ஓடினாள். வயசில் மூத்தவளை 'டி' போட்டது அவளுக்கும் உறைக்கவில்லை, இவளுக்கும் உறைக்கவில்லை.

திட்டு இருந்த இடத்தில் திட்டு இல்லை. தண்ணீர்தான் இருந்தது. பாறையை அலை ஏறி ஏறி மொத்திக்கொண்டிருந்தது. தம்பி படகைச் சுற்றிச் சுற்றி விட்டான். "ஏங்க! ஏங்க!" என்று அவள் கத்தினாள். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத வாய். கடைசியில் பெயரையும் சொல்லிக் கத்தினாள். கும்பிடாத சாமியில்லை. உசுரை மட்டும் குடு, காலமெல்லாம் அவர் சொன்னபடி கேட்கிறேன், ஒரு கண்ணாடி வாங்க மாட்டேன், ஒரு மீனைப் பார்க்க மாட்டேன் என்று வாய் விட்டுச் சொன்னாள்.

பாறையின் மறுபக்கம், இடுக்கில் கையைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தார். மார்பு வரை தண்ணீர். ஒரு கால் முறிந்திருந்தது. தம்பி குதித்துத்தான் அவரை எடுத்தான். பாறை கிழித்ததில் உள்ளங்கைகள் சதை சதையாக இருந்தன. அவள் மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு, "வந்துட்டேங்க, வந்துட்டேங்க" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு ஒரு கடலோரக் காவல் அதிகாரி வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் படகுக்காரியும் தம்பியும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். படகைப் பறித்துவிட்டால் அவர்கள் பிழைப்பு போச்சு.

"படகு கிளம்பினப்போ நீங்க கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன். என்ஜின் சத்தத்துல யாருக்கு சார் கேக்கும்?" என்றார் மீட்டர். "போக வேணாம்னு சொன்ன இடத்துக்குப் போனது நான். இவங்க மேல எதையும் எழுதாதீங்க."

படகுக்காரி அவர் காலடியில் நின்று கும்பிட்டுவிட்டு, அழுதுகொண்டே போனாள். அதிகாரியும் போனார். இஸ்திரியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷன், வாய்தான் பொல்லாதது என்று மனசு பொங்கியது. டம்ளரில் தண்ணீர் எடுத்து, கட்டுப் போட்ட கையால் பிடிக்க முடியாதே என்று அவர் வாயருகே கொண்டு போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குகைகிட்ட பொந்துல சிக்கிக் கால் போச்சு. நொண்டிக்கிட்டே மணல் வரைக்கும் வந்துட்டேன். நீ முகப்புல துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தே."

"ஆமாங்க."

"பத்தடி இருக்கும். அவ்வளவுதான். கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நம்பத் தயாராகத்தான் அவர் கேட்டார். அந்த ஒரு பொய் அவள் வாயில் வரவில்லை.

"கேட்டுச்சு," என்றாள். "நீங்க படகுக்குள்ள இருந்து கூப்பிடறீங்கன்னு நினைச்சேங்க. நம்ம புள்ள மேல சத்தியமா. கோவத்துல திரும்பலை."

"ம்," என்றார். நம்பினார் என்பது தெரிந்தது. நம்பியும் முகம் அவள் பக்கம் திரும்பவில்லை.

"மகளுக்குப் போன் போடு. அவ வந்து என்னைக் கூட்டிட்டுப் போகட்டும்."

"அவ கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படிங்க வருவா? நான்தான் இருக்கேனே."

"அங்கயும் நீதானே இருந்தே," என்றார் மீட்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். மகள் எடுத்த எடுப்பில், "அம்மா! எப்படி இருக்கு கடல்? அப்பா உன்னை நல்லா சுத்திக் காட்டுறாரா?" என்று சிரித்தாள்.

"அப்பாவுக்கு நீ வேணுமாம்," என்றாள் இஸ்திரியக்கா. "உடனே கிளம்பி வா."