பதினாறாவது படம்

1

கேமரா அறையில் வேலை பார்த்தபோது, உறைந்துபோன ஒரு படத்தை ஓடும் படம் என்று நம்பி அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆள் இல்லை. ஆளைக் கதைக்காகச் சேர்த்தேன். சேர்த்திருக்கக் கூடாது.

2

பிரின்சி வேலைக்கு வந்தபோது வானம் (வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.)

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலை. பிரின்சியின் முன்னால் பதினாறு கேமராக்களின் படங்கள். அவற்றைத் திரைக்குக் கொண்டுவரும் டிகோடருக்குச் சக்தி குறைவு. சுமை மீறினால் வரிசையில் கடைசிப் படத்தைக் கைவிட்டுவிடும். அந்தப் படம் கறுத்துப்போகாது. கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். வரிசை பிரின்சி வைத்தது. முதலில் கேட், அடுத்து எடைமேடை, கடைசியில் உலை.

உலையில் அவள் கணவன் தானியேல். முதுகுவலிக்காரன். வேலை நேரத்தில் உட்கார்ந்தால் சீட்டு கிழியும். அதனால் மதியத்தில் கேமராவைப் பார்த்துத் தலையைச் சொறிவான். அவள் கேட் படத்தைப் பெரிதாக்குவாள். டிகோடர் திணறும். திரையில் தானியேல் நின்றுகொண்டிருப்பான்; அங்கே பத்து நிமிடம் பெஞ்சில் உட்காருவான். எழுந்ததும் இன்டர்காமில் ஒருமுறை மணியடிப்பான். அவள் கேட் படத்தைச் சுருக்குவாள்; உலைப் படம் மறுபடி ஓடும்.

(இவளுக்கு இவ்வளவு தந்திரம் வருமா என்று யோசித்தேன். முதுகுவலிக்காரனோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு வரும்.)

3

இன்று இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. மணி வரவில்லை. அவளே அடித்தாள். எடுக்க ஆளில்லை. சூப்பர்வைசர் அன்புசெல்வன் டீ கிளாஸோடு பின்னால் வந்து நின்றார்.

“இன்னாம்மா, உன் ஊட்டுக்காரன் செலையாட்டம் நின்னுக்கினு கீறான்? மாலை போட்டுடலாமா?”

“வேல பாத்துக்கினு கீறாரு சார்.”

“ஒத்தக் காலத் தூக்கிக்கினா?”

அப்போதுதான் அவள் பார்த்தாள். தானியேலின் வலது கால் தரையில் இல்லை. பின்னால் உலைத் தீ கண்ணாடிபோல நின்றது. அவனுக்கு இடப்பக்கம் பெஞ்சு. வலப்பக்கம் கம்பிகளைக் குளிரவைக்கும் தொட்டி. கை தலைக்கு மேலே இருந்தது. சொறிந்தானா, கூப்பிட்டானா?

4

முடிவு ஒன்று: கேட் படத்தைச் சுருக்குகிறாள். தானியேல் பெஞ்சில் தூங்குகிறான். அன்புசெல்வன் பார்த்துவிடுகிறார். இருவருக்கும் வேலை போகிறது.

முடிவு இரண்டு: சுருக்குகிறாள். தொட்டியில் (இந்த வாக்கியத்தை மூன்றுமுறை அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: அன்புசெல்வன் போகட்டும் என்று காத்திருக்கிறாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

5

சுருக்கச் சொல்கிறீர்கள். சரி, சுருக்கிவிட்டாள்.

தீ அசைகிறது. தொட்டியிலிருந்து ஆவி எழுகிறது, எப்போதும்போல. பெஞ்சு காலி.

“எங்கம்மா போனான்?” என்கிறார் அன்புசெல்வன்.

எனக்குத் தெரியாது. அவர் என்னைக் கேட்கவும் இல்லை. பிரின்சி திரும்பி உங்களைப் பார்க்கிறாள்.