அமாவின் கல்யாணப் பாட்டு

சபைப் பாடகர் குழுவை நடத்தும் எட்சன் கிட்டாரை உறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தான். "அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் ஆன்ஸ்லின். செத்த வீட்டுல கல்யாணப் பாட்டு பாடுனா ஊருல என்ன சொல்லுவினும்?"

ஆன்ஸ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முற்றத்துப் பந்தலில், பெட்டிக்குள் அவளுடைய அம்மா, அமா, கிடந்தாள். கானா நாட்டுக்காரி. கிராமத்து மேளத்தோடு எலக்ட்ரிக் கிட்டாரைச் சேர்த்து அங்கே மேடை மேடையாகப் பாடியவள். அங்கே வேலைக்குப் போன ஆன்ஸ்லினின் அப்பா ஜெயசிங்கைக் கட்டிக்கொண்டு, பிறகு மார்த்தாண்டம் வந்து, சபைப் பாடகர் குழுவில் சேர்ந்தாள். அவளுடைய அந்தத் துள்ளல் பாட்டு இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. அவள் ஊர் மொழியில் இருந்த அதன் அர்த்தம், பெற்ற மகளுக்கே தெரியாது.

"ஆஸ்பத்திரியில அம்மை கேட்டது அது ஒண்ணுதான் எட்சண்ணா. என்னை எடுக்கும்போ அதப் பாடணும்னு."

"கேட்டிருக்கும். சபையில பதில் சொல்லப் போறது நானாக்கும்."

போதகர் ஜெபம் முடித்தார். பெட்டியை மூட ஆட்கள் எழுந்தார்கள். காலையிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த ஜெயசிங் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அது கல்யாணப் பாட்டு இல்ல எட்சா. சாவுப் பாட்டு."

மூடியைத் தூக்கியவர்கள் அதைத் திரும்பக் கீழே வைத்தார்கள்.

"அவளுக்க ஊருல சாவுக்கும் ஆடுவினும். எங்களுக்க மூத்த பயல் அங்க காய்ச்சல்ல போனான். அவன அடக்கம் பண்ணுனப்போ கட்டுன பாட்டாக்கும். இங்க வந்து அடுக்களையில பாடிட்டு நின்னா. கேட்டவிய கையத் தட்டி, கல்யாணத்துக்குக் கூப்பிட்டினும். நான் சொல்லிருவேன்னேன். அவதான் விடல. இவ்வளவு பேரு அவனுக்காகப் பாடுதாவ, பாடட்டும்னா."

தனக்கு ஓர் அண்ணன் இருந்ததே ஆன்ஸ்லினுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் கல்யாணத்தன்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு இதைப் பாடினாள். பட்டுச்சேலையோடு ஆன்ஸ்லின் அதற்கு ஆடினாள். அம்மா அன்று யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

எட்சன் கிட்டார் உறையைத் திறந்தான்.

பெட்டி தெருவில் இறங்கியபோது பாட்டு தொடங்கியது. மெதுவாகப் பாடிப் பார்த்தார்கள். அது மெதுவாக நடக்கிற பாட்டு இல்லை. பின்னால் வந்த பெண்களின் கைகள் பழக்கத்தில் தட்டிவிட்டு, வெட்கி நின்றன.

"நிறுத்தாதிய, தட்டுங்க" என்றாள் ஆன்ஸ்லின். அவளும் தட்டினாள்.

ஜங்ஷனில் கடைக்காரர்கள் பாட்டைக் கேட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள்.