எனக்குக் குளிருது

பதினோரு குளிர்காலமாக என் கணவன் தாய்ஸ்தோவிடம் ஒன்றைத்தான் சொல்லி வந்தேன்: "இந்த வீட்ல எனக்குக் குளிருது." உன்னோடு இனி வாழ முடியாது என்று எங்கள் ஏரிக்கரையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குளிர், முதுகுவலி, கொசு என்று எதன்மேலாவது பழியைப் போடுவோம். கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். என் மரமண்டைக் கணவனுக்கு மட்டும் புரியவில்லை.

குவோபியோ நகரத்தில் இருக்கும் என் தங்கை அவுனே, தன் வீட்டுக்கு மேல்மாடியில் எனக்கு ஒரு அறை பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை காலையில் கம்பளிக் காலுறைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது.

"வீட்டம்மா, கண்ணாடி வந்தாச்சு!" என்றான் ஜன்னல் மாட்டுகிற யார்க்கோ.

"என்ன கண்ணாடி?"

"மின்சாரத்துல சூடாகிற கண்ணாடி. இனிமே ஜன்னலே உங்களுக்கு அடுப்புதான். நீங்க பெர்ரி பறிக்கப் போயிருந்தப்போ வந்து அளவெடுத்தேனே, வீட்டுக்காரர் சொல்லலையா?"

"சொல்லிட்டாலும்! திருப்பி எடுத்துட்டுப் போ."

"எங்க எடுத்துட்டுப் போறது? இந்த அளவு இந்த வீட்டுக்கு மட்டுந்தான் பொருந்தும்."

மாலைக்குள் பழைய ஜன்னல்கள் முற்றத்துப் பனியில் கிடந்தன. புதியவற்றில் கொக்கியைத் தேடிப் பார்த்தேன்.

"இது திறக்காது வீட்டம்மா. திறந்தா சூடெல்லாம் வெளிய போயிடும்ல" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

வெளியே மைனஸ் முப்பது டிகிரி குளிர். கண்ணாடியில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வழக்கமாக உறைபனி பூத்து மறைத்துவிடும் ஜன்னல் வழியாக ஏரிக்கரை முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. படகைக் கவிழ்த்து வைக்கும் இடம் காலியாக இருந்தது.

"படகு எங்க?"

"குடுத்துட்டேன்" என்றான் தாய்ஸ்தோ. "கண்ணாடிக்கு."

இவன் என்னோடு பேசியதைவிட அந்தப் படகோடு பேசியதுதான் அதிகம். உன்னை யார் கொடுக்கச் சொன்னது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. படுக்கையறையில் பெட்டி பாதி நிரம்பித் திறந்தபடி கிடந்தது. அதை அவனும் பார்த்திருந்தான். ஊருக்குப் போகிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

கண்ணாடியின் சூட்டைக் கூட்டிக் குறைக்க யார்க்கோ சுவரில் மாட்டியிருந்த திருகியின் பக்கத்தில் நின்றுகொண்டு, பதினோரு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்:

"ராய்லி, இப்பவும் குளிருதா?"

இல்லை என்று சொன்னால், போவதற்கு எனக்குக் காரணமே இல்லை. ஒரு தடவையாவது இவன் காதில் விழட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"குளிருது, தாய்ஸ்தோ. எனக்கு ரொம்பக் குளிருது."

வெகுநேரம் என்னையே பார்த்தான். புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். மெதுவாகத் தலையாட்டினான்.

பிறகு திரும்பி, திருகியை இரண்டு டிகிரி கூட்டி வைத்தான்.