ஆறாவது வாரப் பாடம்

புத்தகத்தின் முதல் பாடமே நூலகத்துக்கு வழி கேட்பது. வயிற்றுப்பாட்டுக்கே வழி தெரியாமல் பிழைக்க வந்தவனுக்கு நூலகத்துக்கு வழி எதற்கு என்பது டீச்சரின் கட்சி. அதனால் மாலை வகுப்பின் முதல் நாளே புத்தகத்தை அலமாரியில் தள்ளிவிட்டு, ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தாள்.

"இந்த ஊர் பாஷையில உங்களுக்கு என்ன பேசத் தெரியணுமோ அதை எழுதுங்க. எது முதல்லன்னு நீங்களே கை தூக்கி முடிவு பண்ணுங்க."

பதினோரு பேர். வேலை கேட்பதற்கு ஐந்து கை, வாடகை வீட்டுக்கு மூன்று, கடைக்கும் பஸ்ஸுக்கும் ஒவ்வொன்று. ஆஸ்பத்திரி என்று எழுதியவர் தச்சர் ஒருவர்தான். அவர் மனைவி படுத்த படுக்கையாகி மூன்று மாதம். அவர் சீட்டு ஆறாவது வாரத்துக்குப் போயிற்று.

"உங்களுக்கு அவசரம் இல்லையா அண்ணா?" என்று டீச்சர் கேட்கத்தான் செய்தாள்.

"ஒருத்தனுக்காகப் பத்துப் பேர் காத்திருக்கணுமா? வர்றப்ப வரட்டும்."

அவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. என் மாணவர்கள் பாடத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கிறார்கள் என்று சக ஆசிரியர்களிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் தச்சர் வரவில்லை. ஆறாவது வாரம் முகம் மழிக்காமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என்ன ஏது என்று அவள் கேட்டிருக்கலாம். கரும்பலகையை நிரப்பும் மும்முரத்தில் கேட்கவில்லை.

தெரிந்த நர்ஸிடம் விசாரித்து, ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்விகளாக எழுதிப்போட்டிருந்தாள். வகுப்பில் கூடப் படிக்கும் தையல்காரம்மா நர்ஸாக நடித்து ஒவ்வொன்றாக வாசித்தாள். நாலாவதை வாசித்ததும் தச்சர் எழுந்துவிட்டார்.

"இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

"உள்ள வந்து நோயாளி பக்கத்துல இருக்கீங்களா, இல்ல வெளியவே இருந்துக்கிறீங்களான்னு கேக்குறாங்க."

தச்சர் கரும்பலகையில் அந்த நாலாவது வரியைக் காட்டினார்.

"போன வாரம் நர்ஸ் என்கிட்ட இதைத்தான் கேட்டாங்க. உக்காரச் சொல்றாங்கன்னு நினைச்சு, சரின்னு தலையாட்டிட்டு வெளிய உக்காந்துட்டேன். அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அவ உயிர் போனதுக்கப்புறம்தான் கூப்பிட்டாங்க."

தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கை தூக்கி முடிவு பண்ணச் சொன்னவள் டீச்சர்தானே.

தச்சர் நோட்டைத் திறந்தார்.

"'நான் உள்ள வரேன்'னு எப்படிச் சொல்லணும்?"

அவள் சொல்லிக்கொடுத்தாள். மூன்றே சொல். முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்கலாம்.